அந்தப் பழைய டிவியை விற்கவில்லை

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய தைலத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். தடவத்தான் மனம் வரவில்லை.

போன் செய்தால் எடுக்காதவன், இரவு இரண்டரை மணிக்கு ஒரே ஒரு வரி அனுப்பியிருக்கிறாய், பழைய டெக்கன் சண்டை கேம் இன்றைக்கும் ஆடும்படி இருக்குமா என்று. சொல்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் உனக்கு என்ன விழிப்பு? நேரத்துக்குப் படு.

பிளே ஸ்டேஷனைப் பரணிலிருந்து இறக்கி லென்ஸைத் துடைத்தேன். சிடி சுற்றியது. ஹாலில் இருக்கும் தட்டை டிவியில் மாட்டியதும் எனக்கே எரிச்சல் வந்தது. பட்டனை அழுத்தினால் திரையில் ஆளின் கை தாமதமாக நீள்கிறது. கேமைக் குறை சொல்லாதே. மூன்றாவது டெக்கன் ஒரு விநாடிக்கு 60 படம் காட்டும். பழைய டிவியின் பிக்சர் டியூப் அதை வரி வரியாக வந்த கையோடு திரையில் எழுதிவிடும். புது டிவி முழுப் படத்தையும் வாங்கி வைத்து, பெரிதாக்கி, மெருகேற்றிய பிறகுதான் காட்டும். இடையில் மூன்று நான்கு படம் ஓடிப்போனால் தடுக்க வேண்டிய உதையைத் தடுக்க முடியாது. டிவியில் கேம் மோட் இருந்தால் போட்டுப் பார், கொஞ்சம் குறையும். புரசைவாக்கம் கடையை மூடியபோது ஒரு பிக்சர் டியூப் செட்டை மட்டும் நான் விற்கவில்லை. பைத்தியம் என்றாய். அதில் மாட்டியதும் 1998 மாதிரியே ஓடுகிறது.

எல்லாப் பழைய சண்டை கேமும் தேறாது. 1995இல் பிளே ஸ்டேஷனுக்கு வந்த முதல் டெக்கனில் ஆட்கள் அட்டைப்பெட்டியை ஒட்டிச் செய்ததுபோல் இருப்பார்கள். பக்கவாட்டில் நகரவும் வழியில்லை. மூன்றாவதில்தான் எல்லோருக்கும் அந்த வசதி வந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அதற்கும் முந்தியது, 1991. ஆனால் கையால் வரைந்த படம் என்பதால் முகம் இன்றும் கெடவில்லை. அடிமேல் அடி தொடுக்கிறீர்களே, காம்போ, அது யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. நேரக் கணக்கில் தானாக அமைந்துவிட்டதைச் செய்தவர்கள் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று விட்டதுதான். கடைக்கு வந்த பெட்டிகளைச் சோதிக்கும் சாக்கில் உன் அப்பாவும் ஆடியவன்தான், மறந்துவிடாதே.

தனியாக ஆடுவதற்காகக் கேட்டிருந்தால், வேண்டாம். மெஷின் ஏமாற்றும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் கைல் என்ற ஆள் சோனிக் பூம் என்ற தாக்குதலை வீச நாம் பின்பக்கம் அழுத்திக் காத்திருக்க வேண்டும். மெஷின் காத்திராமலே வீசும். அப்படித் தோற்றால் வெறுப்புதான் மிஞ்சும். ஜெயித்தாலும் இரண்டு நாளில் சலித்துவிடும். எதிரில் ஆள் இருந்தால் இந்தக் கேமுக்கு வயதே தெரியாது. டெக்கனில் சின்னவன் எடி என்ற ஆளை எடுத்துக்கொண்டு உதை பட்டன்களைக் கண்டபடி அழுத்துவான். நீ பால் என்ற ஆளை வைத்துக் கணக்காக ஆடித் தோற்பாய். உடனே வயரைப் பிடுங்குவாய். உன் புத்திக்கு நீதான் எஞ்சினியர் ஆவாய் என்று அப்போதே அம்மாவிடம் சொன்னேன். உன் கோபத்தைப் பற்றியும் சொன்னேன்.

இரண்டாவது கன்ட்ரோலர் இங்கு இல்லை. பெரம்பூரில் சின்னவன் வீட்டில் இருக்கிறது. நான் கேட்டால், அண்ணன் கேட்டானா என்கிறான். ரிச்சி தெருவில் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம், பெரிய காசில்லை. ஆனால் இருக்கும் பொருளை எதற்கு வாங்குவது? அவன் எண் மாறவில்லை.

சாப்பாட்டை வெளியிலேயே முடித்துக்கொள்ளாதே. நேரத்துக்குப் படு. தீபாவளிக்குப் புனேயிலிருந்து டிக்கெட் கிடைப்பது கஷ்டம், இப்போதே போட்டுவிடு. எந்த ரயில் என்று எனக்கு எழுது. சென்ட்ரலுக்கு யார் வண்டி எடுத்து வருவது என்பதை இங்கே பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா