டயாலிசிஸ் செய்பவருக்கு முட்டை ஆகாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கிட்னி கெட்டால் புரதமே கூடாது என்ற பேச்சை நம்பி, டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் அப்பாவுக்குப் பருப்பின் தெளிவை மட்டும் சோற்றில் ஊற்றிக்கொண்டிருந்தோம். முட்டையைக் கண்ணிலேயே காட்டவில்லை. மூன்றே மாதத்தில் கைக்கடிகாரம் முழங்கை வரை நழுவியது.

டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் புரதத்தைக் குறைப்பது சரிதான். அது செரித்து உண்டாகும் யூரியாவைப் பழுதான சிறுநீரகம்தானே வெளியேற்ற வேண்டும்? அதனால் நாளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் நிறுத்தச் சொல்கிறார்கள். ஆனால் டயாலிசிஸ் வந்துவிட்டால் கணக்கே மாறுகிறது. ஒவ்வொரு முறையும் கழிவோடு புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் போய்விடுவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது.

இப்போது அப்பா தினம் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவும் ஒரு துண்டு மீனும் சாப்பிடுகிறார். பழுதான சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாத பாஸ்பரஸ் மஞ்சள்கருவில் அதிகம் என்பதால் அதை மட்டும் எடுத்துவிடுகிறோம். யாருக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதை டயாலிசிஸ் தொடங்கும் முதல் நாளே தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று எல்லா மையங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

- ஒரு வாசகி, திருச்சி