ஈரோட்டிலிருந்து நீலம்பூருக்கு ஒரு கார்

சங்ககிரி,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. கோவை நீலம்பூர் கம்பெனியில் வேலை உறுதியானதில் எனக்கு உன்னைவிட சந்தோஷம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நல்லது. பாப்பா பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் ஈரோட்டை விட்டு வீட்டை மாற்றப் போவதில்லை என்று நீயும் தங்கச்சியும் எடுத்த முடிவும் சரியானதுதான். ஒன்பதாவது முடிக்கப்போகிற பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாற்றினால் அது ஒரு வருஷம் திணறும்.

இங்கே கடை வழக்கம்போல ஓடுகிறது. லாரிக்காரர்கள் வாடகை கட்டவில்லை என்று புலம்பிக்கொண்டேதான் பிரேக் லைனிங் வாங்கிப் போகிறார்கள். சம்பந்தி வீட்டில் மஞ்சள் அறுவடை நடக்கிறது. விலை ஏறுமா என்று பார்த்துக் குடோனில் போடுவதா, உடனே விற்பதா என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. அது இருக்கட்டும், நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

தினமும் ஈரோட்டிலிருந்து நீலம்பூர் போய் வர எந்தக் கார் அதிக மைலேஜ் தரும் என்று கேட்டிருக்கிறாய். உன் ஆபீஸ் நண்பர் பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வாங்கியிருக்கிறார், லிட்டருக்கு 27 கிலோமீட்டர் சொல்கிறார்கள், அதையே எடுத்துவிடலாமா என்கிறாய். நான் முதலில் கேட்பது வேறு. எத்தனை வருஷத்துக்கு இந்த ஓட்டம்? பாப்பா பிளஸ் டூ முடிக்க இன்னும் மூன்று வருஷம். அதற்குப் பிறகு அவள் காலேஜ் எங்கேயோ, நீங்கள் கோவைக்கே குடி போவீர்களோ, யாருக்குத் தெரியும்? ஆகவே இது மூன்று வருஷக் கணக்கு. பத்து வருஷம் வைத்திருக்கப்போகிற கார் மாதிரி நினைத்துப் பணத்தைக் கொட்டாதே.

ஈரோட்டிலிருந்து பெருந்துறை வந்து, விஜயமங்கலம், செங்கப்பள்ளி, அவிநாசி, கருமத்தம்பட்டி வழியாக நீலம்பூர் போனால் ஒரு வழிக்கு எண்பது கிலோமீட்டர் வரும். போக வர 160. லீவு நாளெல்லாம் கழித்தாலும் வருஷத்துக்கு நாற்பதாயிரத்தைத் தாண்டும். சாதாரணமாக ஒரு குடும்பக் கார் மூன்று நான்கு வருஷத்தில் ஓடுகிற தூரம் அது. இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஷோரூமில் மூன்று வருஷ வாரன்டி என்பார்கள். பக்கத்திலேயே 'அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முந்தியோ அது' என்றும் போட்டிருக்கும். உனக்கு அந்த லட்சம் இரண்டரை வருஷத்திலேயே முடிந்துவிடும். ஹைபிரிட் பேட்டரிக்கு எட்டு வருஷம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதிலும் 1,60,000 கிலோமீட்டர் என்ற வரம்பு உண்டு. உன் ஓட்டத்துக்கு எட்டு வருஷம் நான்காகச் சுருங்கிவிடும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் வருஷத்துக்கு நான்கு தடவை வண்டியை விட வேண்டும். அதனால் கிலோமீட்டர் வரம்பில்லாத வாரன்டி தருகிறார்களா, காசு கட்டி நீட்டிக்க முடியுமா என்று முதல் நாளே கேட்டுவிடு. சர்வீஸ் சென்டர் ஈரோட்டிலோ, போகிற வழியில் அவிநாசி ரோட்டிலோ இருந்தால்தான் உனக்குச் சரிப்படும்.

இப்போது அந்த 27. கம்பெனி சொல்லும் மைலேஜ் எல்லாம் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனையில் வருவது. வண்டியை உருளைமேல் நிறுத்தி, ஏசி போடாமல், ஒரு அட்டவணைப்படி ஓட்டி அளக்கிறார்கள். அந்த அட்டவணையில் உச்ச வேகமே 90 கிலோமீட்டர்தான், அதுவும் கொஞ்ச நேரம்தான். பாதி நேரத்துக்கு மேல் ஊருக்குள் ஓட்டுவது போல நின்று நின்று போகிற ஓட்டம். ஹைபிரிட் காரின் பலமே அந்த நின்று போகிற இடத்தில்தான் இருக்கிறது. பிரேக் போடும்போது வீணாகிற சக்தியை பேட்டரியில் பிடித்துவைத்து அடுத்த கிளப்பலுக்குக் கொடுக்கிறது. காந்திபுரத்துக்கும் உக்கடத்துக்கும் நடுவே தினமும் அல்லாடுகிறவன் அதை எடுத்தால் ஒவ்வொரு ரூபாய்க்கும் பலன் உண்டு. நீயோ பெருந்துறை தாண்டினால் நீலம்பூர் வரைக்கும் பிரேக்கில் கால் வைப்பதே அபூர்வம். பிடித்துவைக்க அங்கே என்ன இருக்கிறது? நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆன் ரோடு இருபது லட்சத்தை ஒட்டிக் கொடுத்துவிட்டு, அது கெட்டிக்காரத்தனம் காட்ட முடியாத ரோட்டில் ஓட்டுவானேன்?

நெடுஞ்சாலையில் எரிபொருளைத் தின்பது காற்று. வேகம் கூடக் கூட காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். எண்பதில் போவதைவிட நூறில் போனால் ஒன்றரை மடங்குக்கு மேல் எதிர்ப்பு. நேரத்தில் என்ன லாபம்? பெருந்துறையிலிருந்து நீலம்பூர் அறுபது கிலோமீட்டர் என்று வைத்தால் எண்பதில் 45 நிமிஷம், நூறில் 36. ஒன்பது நிமிஷம். அதையும் கணியூர் டோல்கேட்டில் ஒரு வரிசை விழுங்கிவிடும். எங்கள் கடைக்கு வருகிற பழைய லாரி டிரைவர்கள் இந்தக் கணக்கெல்லாம் போட்டதில்லை. டாப் கியரில் ஒரே சீராகப் போகிறவன் வண்டிதான் டீசல் குடிக்காது என்று அவர்களுக்குக் கை சொல்லும்.

உன் பாதைக்கென்று இன்னும் இரண்டு சங்கதி உண்டு. ஈரோடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 180 மீட்டர், கோவை 400 மீட்டருக்கு மேல். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காலையில் நீ மேடேறிக்கொண்டே போகிறாய். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது அதுவும் உன் முகத்துக்கு நேராகத்தான் வரும். சாயங்காலம் திரும்பும்போது இறக்கமும் காற்றும் சேர்ந்து தள்ளிவிடும். ஆகவே மைலேஜ் பார்க்கிறபோது ஒரு வழி மட்டும் பார்த்து ஏமாறாதே. ஈரோட்டில் டேங்க் ஃபுல் செய்து, நாலைந்து நாள் போய் வந்து, அதே பங்கில் மறுபடி ஃபுல் செய்து வகுத்துப் பார். மீட்டரில் காட்டுகிற எண்ணை அப்படியே நம்பாதே, அது பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். ஒரு விஷயத்தில் நீ கொடுத்துவைத்தவன். காலையில் மேற்கே போகிறாய், மாலையில் கிழக்கே வருகிறாய், இரண்டு வேளையும் வெயில் முதுகில். கோவையில் குடியிருந்து ஈரோட்டுக்கு வேலைக்கு வருகிறவனைக் கேட்டுப் பார், கண் கூசுகிற கதையை மணிக்கணக்கில் சொல்வான்.

காற்றுதான் எதிரி என்றால் உயரமான வண்டி எதற்கு? இப்போது எல்லோரும் எஸ்.யூ.வி. என்று அலைகிறார்கள். பாப்பாவுக்கும் அதுதான் பிடிக்கும், தெரியும். ஆனால் ஒரு கணக்கைப் பார். பெட்ரோல் 102, டீசல் 93 என்று வைத்துக்கொள். நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 22 தருகிற, பின்னால் டிக்கி நீட்டியிருக்கும் தாழ்வான பெட்ரோல் செடானுக்கு வருஷம் சுமார் 1,85,000 ரூபாய் ஆகும். லிட்டருக்கு 20 தருகிற உயரமான டீசல் எஸ்.யூ.வி.க்கும் ஏறக்குறைய அதே 1,86,000. டீசல் மலிவு என்ற லாபத்தை அந்த உயரமும் எடையும் தின்றுவிடுகின்றன. வண்டி விலையிலோ லட்சக்கணக்கில் வித்தியாசம். ஒரு காலத்தில் டீசலிலேயே சின்ன செடான் வாங்க முடிந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புதிய புகை விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது, மற்றவர்களும் ஒவ்வொருவராக செடானில் நிறுத்திவிட்டார்கள். நம் பட்ஜெட்டில் தாழ்வான டீசல் வேண்டுமென்றால் டிக்கி நீட்டாத டாடா ஆல்ட்ரோஸ் ஹேட்ச்பேக்தான். அது 23 கொடுத்தாலும் வருஷத்துக்கு 23,000 ரூபாய் அளவுக்குத்தான் மிச்சம். கூடுதலாகக் கொடுக்கும் விலையை எடுக்கவே மூன்று வருஷம் போதாது. ஐந்தாறு வருஷம் இதே ரோட்டில் ஓடுவேன் என்று நீ சொன்னால் அதைத்தான் எடு என்பேன். டீசலில் இப்போது புகை வடிகட்டி உண்டு, ஊருக்குள்ளேயே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். உன்னைப்போல நீள ஓட்டம் ஓடுகிறவனுக்கு அந்தத் தொல்லையும் இருக்காது.

ஆக, மூன்று வருஷத்துக்கு என் ஓட்டு மாருதி டிசையருக்குத்தான். 2024 நவம்பரில் வந்த புது மாடல், பெட்ரோல், மேனுவல் கியர். சொல்லும் மைலேஜ் 24.79. உன் வேகத்தில் 22 எதிர்பார்க்கலாம். ஆறு ஏர்பேக், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து ஸ்டார். முந்தைய மாடலைப் பற்றி நாமே பேப்பர் தகடு என்று கிண்டல் செய்திருக்கிறோம், இது அப்படியில்லை. எஞ்சின் மூன்று சிலிண்டர்தான், கொஞ்சம் உறுமும். அது பிடிக்காவிட்டால் ஹோண்டா அமேஸ் இருக்கிறது, நான்கு சிலிண்டர், அமைதி, ஆனால் மைலேஜ் நன்றாகவே குறைவு. இரண்டுமே நான்கு மீட்டருக்குள், 1200 சி.சி.க்குள் வருவதால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். முன்பு 28 சதவீதமும் செஸ்ஸும் இருந்தன. பழைய வண்டி பார்க்கிறாய் என்றால் 2023 ஏப்ரலுக்குப் பின் வந்ததாகப் பார். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதைத் தாங்கும்படி எல்லா வண்டிகளும் வரத் தொடங்கியது அப்போதிருந்துதான்.

சி.என்.ஜி.யில் எடுத்தால் ஓட்டச் செலவு இன்னும் குறையும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் டிக்கியில் பாதிக்கு மேல் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும், எஞ்சின் இழுவையும் கொஞ்சம் குறையும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனைச் சான்றிதழ் வேறு வாங்க வேண்டும். ஒரு தடவை நிரப்பினால் எட்டு ஒன்பது கிலோதான், உனக்கு அது இரண்டு நாளைக்குக்கூட முழுசாக வராது. உன் பாதையில் வரிசை இல்லாத பங்க் இருக்கிறதா என்று காலை எட்டு மணிக்கு நீயே போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய். எலக்ட்ரிக்கைப் பற்றி உன்னிடம் பேசிப் பிரயோஜனமில்லை. வாடகை வீட்டில் இரண்டாம் மாடியில் இருந்துகொண்டு ராத்திரி எங்கே சார்ஜ் போடுவாய்? சொந்த வீடு இருந்திருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

டோலுக்கு வருஷ பாஸ் எடுத்துவிடு. தேசிய நெடுஞ்சாலைக்கு ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முந்தியோ அது. 2025 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியபோது விலை 3,000 ரூபாய். உனக்கு விஜயமங்கலம், கணியூர் இரண்டும் போக வர நான்கு தடவை விழும், ஐம்பது வேலை நாளில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் மறுபடி எடுத்துக்கொள். அந்த விலையில் ஒரு தடவைக்குப் பதினைந்து ரூபாய்தானே வந்தது. நாள் தவறாமல் போகிறவனுக்கு ஒவ்வொரு டோலிலும் மாதாந்திர பாஸும் உண்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்.

டெஸ்ட் டிரைவ் என்று ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடிக்க விடுவார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதே. வேலை நாளில், சாயங்காலம், நீ களைத்திருக்கும்போது போ. பெருந்துறை வரைக்கும் வண்டியை விடச் சொல். இடுப்பு என்ன சொல்கிறது, எண்பதில் பேசினால் பக்கத்து சீட்டுக்குக் கேட்கிறதா, இருட்டியதும் ஹெட்லைட் எவ்வளவு தூரம் அடிக்கிறது, இந்த மூன்றையும் பார். க்ரூஸ் கன்ட்ரோல் இருக்கிற மாடலாக எடு, கால் வலிக்கு மருந்து அது. சன் ரூஃப் வேண்டும் என்று பாப்பா அடம் பிடித்தால் நான் வந்து பேசிக்கொள்கிறேன். ஒரு ஒன்றரை வருஷத்தில் நான்கு டயரும் மாற்ற வேண்டி வரும், அந்தக் காசை இப்போதிருந்தே ஒதுக்கி வை. வாரம் ஒருமுறை காலையில், டயர் சூடாகும் முன் காற்றுப் பிடி. குறைந்த காற்றில் ஓடினால் மைலேஜும் போகும், டயரின் இரண்டு ஓரமும் தேயும்.

இத்தனையும் எழுதிவிட்டு இதையும் கேட்கத் தோன்றுகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது ரயிலில் போனால் என்ன? ஈரோட்டிலிருந்து கோவைக்கு சீசன் டிக்கெட்டில் போய் வருகிற கூட்டம் எவ்வளவு! இருகூரில் நிற்கிற பாசஞ்சரில் இறங்கினால் நீலம்பூர் பக்கம்தான். கம்பெனி வண்டி அந்தப் பக்கம் வருமா என்று விசாரித்துப் பார். முதுகுக்கும் ஓய்வு, அந்த லட்சம் கிலோமீட்டரும் கொஞ்சம் மெதுவாக நகரும்.

ஷோரூமில் கொட்டேஷன் வாங்கியதும் இன்சூரன்ஸ், ஆக்சசரீஸ் என்று என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று வரிவரியாகப் பார்த்து எனக்கும் ஒரு காப்பி அனுப்பு. கையெழுத்துப் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே கோழி அடித்துச் சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம்.

அன்புடன்,
உன் மச்சான்