எங்கள் ஊர் இளைஞர் மன்ற நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் மாமாவுக்கும், செயலாளர் சித்தப்பாவுக்கும், பொருளாளர் அண்ணனுக்கும், நிர்வாகக் குழுவில் உள்ள மற்ற பெரியவர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விளையாட்டு விழாவுக்கான கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று சாவடிப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறீர்கள். அதற்குள் இதைப் படித்துவிடுங்கள். ஏன், கூட்டத்துக்கே வந்து பேசலாமே என்று கேட்பீர்கள். கூட்டம் ராத்திரி ஒன்பது மணிக்கு, மந்தைக் கலையரங்கத்தில். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் என்னை வெளியே விட மாட்டார்கள். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளையும் நீங்கள் விட மாட்டீர்கள். ஆகவே முதல் கோரிக்கையை இங்கேயே வைத்துவிடுகிறேன்: கூட்டத்தைப் பகலில் போடுங்கள்.

மன்றத்தின் வேலையை இழுத்துப் போட்டுச் செய்கிற பிள்ளைகளுக்கு மன்றத்தின் முடிவுகளில் ஓட்டு வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கூப்பிட்டு வைத்துக் கருத்து கேட்பது போதாது.

ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வசூலுக்குப் போவது யார்? கபடிக் களத்துக்குச் சுண்ணாம்பில் கோடு போடுவது, வழுக்கு மரத்துக்கு எண்ணெய் தடவுவது, விழா முடிந்த மறுநாள் மந்தையைக் கூட்டி அள்ளுவது யார்? பள்ளிக்கூடத்துப் பையன்களும் கல்லூரிப் பிள்ளைகளும்தான். ஆனால் பிளெக்ஸில் இருக்கும் முகங்களைப் பாருங்கள். மத்திய அரசின் 2014 தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களை இளைஞர் என்கிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் நம் இளைஞர் மன்ற நிர்வாகத்தில் ஒரே ஒரு இளைஞர்கூட இல்லை. (பிளெக்ஸில் எல்லோரும் இளமையாகத்தான் இருக்கிறீர்கள், அது வேறு விஷயம்.)

போன தை மாதம் கணக்கு வாசித்த கூட்டம் மட்டும் தப்பித் தவறிப் பகலில் நடந்தது. நானும் வந்திருந்தேன். பதினாறு வயதுப் பையன் ஒருவன் எழுந்து, “நானூறு நாற்காலிக்கு வாடகை போட்டிருக்கீங்க, இறக்கினது இருநூத்தம்பதுதானே?” என்றான். வண்டியிலிருந்து எண்ணி இறக்கியவனே அவன்தான். “டேய், நீ போய் எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வா” என்று முன்வரிசையிலிருந்து பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே டீக்கடைக்குப் போனான். யாரோ பணத்தை எடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பந்தல்காரர் மறுநாள் வாடகையையும் சேர்த்துப் போட்டிருக்கலாம். ஆனால் மதுரையில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவள் நான். எங்கள் ஆபீசில் என்றால் அந்தக் கேள்விக்குப் பில்லை எடுத்துக் காட்டாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. அந்தப் பையன் இந்த வருடம் வசூலுக்கு வரவில்லை. கேட்டால் பரீட்சை என்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஊர் மேல் அக்கறையே இல்லை என்று நீங்கள் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்த டீதான் ஞாபகம் வருகிறது.

நம் மன்றம், 1975ஆம் ஆண்டில் இயற்றிய தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவானது. நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நாமும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கிறோம். சட்டப்படி குறையே சொல்ல முடியாது. தலைவராக இருந்தவர் துணைத்தலைவர் ஆகிறார், துணைத்தலைவர் செயலாளர் ஆகிறார், கெளரவ ஆலோசகர் திரும்பவும் தலைவர் ஆகிறார். வெளியிலிருந்து ஒரு ஆள் உள்ளே வர இடமில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்பது நீங்கள் வழக்கமாகச் சொல்வது. உங்களில் சிலர் 1969, 70இல் பிறந்தவர்கள். 1989 ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது ஓட்டுப் போட 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். நீங்கள் வேடிக்கைதான் பார்த்திருப்பீர்கள். அரசியலமைப்பின் 61ஆவது திருத்தம் அந்த மார்ச் 28ஆம் தேதி நடைமுறைக்கு வந்து வயதை 18 ஆக்கியது. நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது நீங்களும் வரிசையில் நின்றீர்கள். இடைப்பட்ட பத்து மாதத்தில் உங்களுக்கு ஒன்றும் புதிதாக அறிவு முளைத்துவிடவில்லையே மாமா, சட்டம்தானே மாறியது?

அதே நவம்பரில்தான் ஐ.நா. சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் கருத்துச் சொல்லலாம், அவர்களுடைய வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்றபடி அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆவது பிரிவு. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது.

டெல்லி, ஐ.நா. எல்லாம் எதற்கு, நம் மேலூர்ப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 கடைசியில் அரிட்டாபட்டியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஜனங்கள் நடந்தே போனார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபையில் கை தூக்குவதற்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். பதினெட்டு வயதுப் பெண்ணும் எண்பது வயதுத் தாத்தாவும் அங்கே ஒன்றுதான். ஒரு மலையைக் காப்பாற்றும் தீர்மானத்தில் கை தூக்கலாம், மன்றத்துக்கு வாலிபால் நெட் வாங்கலாமா வேண்டாமா என்பதில் தூக்கக் கூடாதா?

உங்கள் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். காசு விஷயம். கட்சிக்காரர்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற கவலை. அப்புறம், படித்து முடித்ததும் பாதிப் பேர் திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று போய்விடுகிறார்கள் என்பதும் உண்மை. போகிறவர்கள் போகட்டுமே. இளையவர்களின் இடங்களை மட்டும் ஒரு வருடத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போயிற்று. கட்சி விஷயத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. போன வருட மேடையில் யார் யாருக்குத் துண்டு போட்டீர்கள் என்பது ஊருக்கே தெரியும்.

காசுக்கு வழி இருக்கிறது. வங்கிக் கணக்கில் பொருளாளர் அண்ணனோடு, 18 முடிந்த இளைய உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே வரக் கூடாது. நிர்வாகக் குழுவில் பாதி இடம் 30 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, அதில் பாதி பெண்களுக்கு. இதற்குப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டு, துணைவிதியைத் திருத்தி, பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த எழுத்து வேலையை நான் செய்து தருகிறேன், பைசா வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து பேசட்டும். அவர்கள் எடுக்கும் முடிவைக் குழு ஏற்கவில்லை என்றால், ஏன் ஏற்கவில்லை என்று மினிட் புத்தகத்தில் எழுத வேண்டும். வசூலில் பத்தில் ஒரு பங்கை எதற்குச் செலவழிப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும். தப்பாகச் செலவழித்தால்தான் என்ன, ஒரு வருடம் போகும். போன வருடம் ஸ்பீக்கருக்குச் செலவழித்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

பெண்பிள்ளைகள் கபடி கேட்டார்கள். ஒருமுறை கேட்டு விட்டுவிடவில்லை, ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்கிறார்கள். கோலப் போட்டியும் இசை நாற்காலியும் கிடைக்கின்றன, பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அவர்களில் இருவர் பள்ளி அணியில் கபடி ஆடுகிறவர்கள் என்பது குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களில் ஒருத்தி குழுவில் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. இந்த மன்றத்தின் சாயங்கால டியூஷனில் படித்துத்தான் நான் கணக்குப் பாடத்தில் தேறினேன். கொரோனா நேரத்தில் வீட்டுக்கு வீடு கபசுரக் குடிநீர் கொண்டுவந்து கொடுத்ததும் நீங்கள்தான். மன்றத்தை விட்டுப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றிப் பலகையில் எழுதிவிடுங்கள். நிகழ்ச்சி நிரலில் இதைக் கடைசியில் ‘இதர’ என்பதற்குள் போட்டுவிடாதீர்கள். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். வரவு செலவு முதலில் இருக்கட்டும், இது இரண்டாவதாக வரட்டும். பந்தல்காரர் கொடுத்த பில்லையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
மேலத்தெருவிலிருந்து, மன்றத்தின் பழைய டியூஷன் மாணவி