தட்டைப் பார்க்கச் சொல்லித்தந்தவர்களுக்கு

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு மக்களுக்கு வணக்கம்.

எங்கள் கிளினிக்கின் பின்னறையில் இந்த மாதம் முதல் உணவு ஆலோசனை நடக்கிறது. வாசல் பலகையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அது நியாயமில்லை என்பதால் இந்த மடல்.

முதலில் நான் படித்த ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்கு நன்றி. நோயாளியின் இமையைத் தாழ்த்திப் பார், நாக்கைப் பார், அப்புறம் ரிப்போர்ட்டைத் தொடு என்று வார்டில் பழக்கிய பேராசிரியர்களுக்கு நன்றி. நான் ஆங்கில மருத்துவத்தை விட்டுவிட்டதாகச் சிலர் பேசிக்கொள்கிறார்கள். விடவில்லை. காசநோய்க்கு மாத்திரைதான் மருந்து. டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்கு இன்சுலின்தான் உயிர். உடம்பை முழுசாகப் பார்க்கும் வைத்தியம் என்று நான் இன்று செய்வதெல்லாம் அந்த வார்டில் தொடங்கியதுதான்.

என் பாதையைத் திருப்பியவர் துறைமுகத்தில் லோடு ஏற்றும் ஒரு அண்ணன். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை, அதற்கு மேல் கிளிமிபிரைடு மாத்திரை, அடுத்து இன்சுலின் என்ற இடத்தில் இருந்தார். ஒருநாள், ஒரு வாரம் தான் சாப்பிட்டதையெல்லாம் மகளிடம் சொல்லி, அவளுடைய பள்ளிக்கூட நோட்டில் எழுதி வாங்கிவந்தார். விடியலில் சர்க்கரை போட்ட டீயும் பொறையும். பிறகு இட்லி, வடகறி. மதியம் நிறையச் சோறு, சாம்பார். சாயங்காலம் மறுபடி டீ, பஜ்ஜி. ராத்திரியும் சோறு. மீன் ஞாயிற்றுக்கிழமை மட்டும். காய் பேருக்குக் கொஞ்சம். எந்த லேப் ரிப்போர்ட்டும் எனக்கு அவ்வளவு சொன்னதில்லை. அண்ணா, அந்த நோட்டுக்கும் அதை எழுதிய உங்கள் மகளுக்கும் என் நன்றி.

அந்தச் சமயத்தில்தான் 2017 இறுதியில் லான்செட் மருத்துவ இதழில் வந்த ‘டைரக்ட்’ என்ற ஆய்வைப் படித்தேன். பிரிட்டனில், நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்த டைப் 2 சர்க்கரை (பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது) நோயாளிகளுக்கு உணவுமுறையால் எடையைக் குறைத்தார்கள். ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் அவர்கள் கொடுத்தது பாக்கெட்டில் வரும் சூப்பும் ஷேக்கும். நம் வீட்டு அடுப்பில் அதற்கு என்ன வழி?

வழி காட்டியவர் காசிமேட்டு மீன்காரம்மா. "வஞ்சிரத்துக்கு ஏன் ஏங்குறாங்க? மத்தி சாப்பிடச் சொல்லுங்க சார்" என்றார். உண்மைதான். விலை குறைவு, புரதமும் ஒமேகா 3 கொழுப்பும் நிறைவு. என் சீட்டோடு வருகிறவர்களுக்குக் குழம்புக்கு மட்டும் போதுமான அளவாகக் கூறு கட்டி, சுத்தம் செய்தும் தருகிறார். பிரஷர் உள்ளவர் கருவாடு கேட்டால் தருவதில்லை! ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை எங்கள் பகுதியில் என்னைவிட அதிகம் பேருக்குக் கொண்டுசேர்த்தவர் அவர்.

எங்கள் நர்ஸ் சிஸ்டருக்கு: சோற்றை விடு என்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று முதலிலேயே சொன்னவர் நீங்கள். காய், பருப்பு, மீன் முதலில். சோறு கடைசியில், அளவாக. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது இந்த வரிசையால் குறையும் என்பதைத் தட்டை வைத்தே காட்டுகிறீர்கள்.

மருந்துக் கடை அண்ணனுக்குக் கூடுதல் நன்றி. சோறு குறைந்த பிறகும் கிளிமிபிரைடு பழைய அளவிலேயே உள்ளே போனால் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். பழைய சீட்டோடு யார் வந்தாலும் எனக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார். வியாபாரம் குறையும் என்று தெரிந்தே செய்கிறார். எனக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை.

சித்த மருத்துவ நண்பருக்கும் நன்றி. கிட்னி பழுதானவர்களுக்குக் கீரையைக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், பொட்டாசியம் ஏறும் என்பதில் நாங்கள் இருவரும் ஒரே பேச்சு. அவரால் முடியாததை என்னிடம் அனுப்புகிறார், நானும் அப்படியே.

சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதி எடுத்துவாருங்கள், மாத்திரைச் சீட்டோடு. யாரும் தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். குறைப்பதைச் சேர்ந்து பார்த்துச் செய்வோம்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்