பதர் ஷாக்கிர் அல் சய்யாப்

ஆசிரியர் அவர்களுக்கு,

நவீன அரபுக் கவிதை குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை மகமூத் தர்வீஷ், அதோனிஸ் ஆகியோரைப் பற்றி நன்றாகவே பேசியது. ஆனால், அவர்களுக்கு முன்பே பாதை வகுத்த ஈராக்கியக் கவிஞர் பதர் ஷாக்கிர் அல் சய்யாபின் பெயர் அதில் இடம்பெறாதது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

பஸ்ரா அருகே பேரீச்சந்தோப்புகள் சூழ்ந்த ஜைக்கூர் கிராமத்தில் 1926இல் பிறந்து, சிறுவயதிலேயே தாயை இழந்த அவர், 1940களின் இறுதியில் ஈராக்கியப் பெண் கவிஞர் நாசிக் அல் மலாயிகாவுடன் சேர்த்துப் பேசப்படும் முன்னோடியாக, பல நூற்றாண்டுகளாக அரபுக் கவிதையில் நிலைத்திருந்த, ஒவ்வோர் அடியையும் இரு சம பாதிகளாகப் பிரிக்கும் பகுப்பையும் கவிதை முழுவதும் வரும் ஒற்றை இயைபையும் விடுத்து, சீரை மட்டும் அடிப்படையாகக் கொண்டு அடிகளின் நீளத்தைப் பொருளுக்கேற்ப மாற்றும் புதிய யாப்பை நிறுவினார். சந்தத்தை அவர் கைவிடவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ‘மழைப் பாடல்’ என்ற அவரது புகழ்பெற்ற கவிதையில், இறந்த தாயைத் தேடும் குழந்தையின் ஏக்கமும், விளைச்சல் மிகுந்தும் பசி தீராத ஈராக்கின் துயரமும் மழையின் ஓசையோடு ஒன்றாகக் கலக்கின்றன.

அரசியல் காரணங்களால் வேலையிழந்து, நாடு விட்டு நாடு அலைந்து, தீராத நோயினால் 1964 டிசம்பரில் குவைத்தில் அவர் மறைந்தபோது வயது 38 மட்டுமே.

அவரது கவிதைகளை அரபியிலிருந்து நேரடியாகத் தமிழாக்கம் செய்வித்துத் தங்கள் இலக்கியப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்