கதவில் ஒட்டிய படம் போதாது

டெக்சாஸில் மளிகைக் கடையும் உணவகமும் கோயிலும் நடத்தும் நம்மவர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை வெண்டைக்காய் வாங்கப் போன கடையில், எனக்கு முன்னால் நின்றவரின் இடுப்பில் கைத்துப்பாக்கி இருந்தது. உறைக்குள்தான், ஆனால் எல்லோர் கண்ணிலும் படும்படி. மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கதவில் துப்பாக்கிமேல் சிவப்புக் கோடு போட்ட படம் இருக்கிறதே என்று கல்லாவில் இருந்த அண்ணனிடம் கேட்டேன். "ஒட்டித்தான் இருக்கு, அதுக்கு மேல என்னம்மா பண்றது?" என்றார்.

பண்ணலாம் அண்ணா.

அந்த மனிதரிடம் உரிமம் இருந்தால், அவர் சட்டத்தை மீறவில்லை. 2016 ஜனவரி 1 முதல், உரிமம் வைத்திருப்பவர் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துப் போகலாம். 2021 செப்டம்பரில் இருந்து, 21 வயதான, வேறு சட்டத் தடை இல்லாதவருக்கு உரிமமே தேவையில்லை. சரி. ஆனால் இங்கே வேண்டாம் என்று சொல்லும் உரிமையை இடத்துக்காரருக்கும் அதே சட்டம் தருகிறது. சொல்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. உரிமக்காரரை அந்தப் படம் கட்டுப்படுத்தாது. வெளியே தெரியும்படி எடுத்து வரும் உரிமக்காரரைத் தடுக்க, டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 30.07 பிரிவின் வாசகம் எழுத்துப் பிசகாமல், ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், ஒரு அங்குல உயரத்துக்குக் குறையாத எழுத்தில், ஒவ்வொரு வாசலிலும் இருக்க வேண்டும். மறைத்து எடுத்து வரும் உரிமக்காரருக்கு 30.06, உரிமம் இல்லாதவருக்கு 30.05. ஆக மூன்று பலகை. மாவிலைத் தோரணத்துக்கு இடமிருக்காது என்பீர்கள், எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

உரிமக்காரர் பலகையை மீறி நுழைந்தால் 200 டாலர் வரை அபராதம். நேரில் சொல்லியும் வெளியேறாவிட்டால் சிறை வரை போகலாம்.

கோயில் கமிட்டிக்காரர்கள் இதைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம்போல் கோயிலிலும் தானாகவே தடை உண்டு என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. துப்பாக்கி கூடாத இடங்களின் பட்டியலிலிருந்து வழிபாட்டுத் தலங்களை 2019 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். பலகை வைக்காத கோயில், அனுமதித்த கோயில்தான்.

உங்களில் சிலரிடமும் துப்பாக்கி இருக்கிறது, தெரியும். ராத்திரி கல்லாப் பணத்தோடு தனியாக வீடு திரும்புகிறவரிடம் நான் வாதாட வரவில்லை. வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரே என்ற தயக்கத்துக்கு மட்டும் ஒரு பதில்: எல் பாசோ நகரில் தன் கடையிலேயே நடந்த துப்பாக்கிச்சூட்டுக்கு அடுத்த மாதம், 2019இல், வெளியே தெரியும்படி எடுத்து வராதீர்கள் என்று வால்மார்ட்டே கேட்டுக்கொண்டது. அங்கே இன்றும் வண்டி நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர்க் கோயிலின் பலகைச் செலவில் பாதி என்னுடையது. ஏணியும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வெண்டைக்காய் வாங்க வந்தவள்