கொழும்புல நாம ஸ்கேன் பண்ணலாம், மதுரையில அவங்க பண்ண முடியாதா? யூபிஐ பெரியவங்களுக்கு ஒரு திறந்த மடல்

யூபிஐய நாடு நாடா கொண்டுபோற பொறுப்புல இருக்க ஐயாமார், அம்மாமார் எல்லாருக்கும் வணக்கம்.

மீனாட்சி அம்மன் கோயில் பக்கத்துல சுங்குடி சேலைக் கடை வச்சிருக்கேன். நம்ம கடைக்கு வர்ற வெளியூர் ஆளுங்கள்ல இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் தமிழாளுங்க கணிசம். யூபிஐய கொற சொல்றதுக்காக இத எழுதல, அத மொதல்லயே சொல்லிக்கிறேன். 2016ல வந்த சமாச்சாரம், இன்னிக்கு கோயில் வாசல்ல பூ விக்கிற அக்கா வரைக்கும் ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்காங்க, சில்லறைக்கு அலையிற வேலையே இல்ல. எங்க பிரச்சனை வேற.

2024 பிப்ரவரியில இலங்கையில யூபிஐ வந்துருச்சுன்னு டிவில பாத்தோம், அதே மாசம் பாரீஸ்ல ஐஃபில் டவர்லயும் வந்துச்சு, பூட்டான்ல அதுக்கும் முன்னாடி 2021லயே. சந்தோசம்தான். நம்மாளு கொழும்புல போயி ஸ்கேன் பண்ணி டீ குடிக்கலாம். ஆனா கொழும்புல இருந்து மதுரைக்கு ஃப்ளைட் புடிச்சு வர்ற ஆளு என் கடையில ஸ்கேன் பண்ண முடியாது. அன்னிக்கு அறிவிச்சதே அப்படித்தான், இலங்கைக்கு ஒன்வே, அதே நாளு சேந்த மொரிஷியஸுக்கு மட்டும் போக வர ரெண்டும். மொரிஷியஸ்காரங்க இங்க வந்தா அவங்க போன்லயே குடுக்கலாம். அப்ப ரெண்டு பக்கமும் ஓட வைக்க முடியுதுல்ல, டெக்னிக்கலா முடியாதுன்னு யாரும் சொல்லாதீங்க.

கடையில நடக்குறத சொல்றேன். யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தங்க மகளோட வந்தாங்க, கல்யாணத்துக்கு குடுக்கன்னு அஞ்சு சேல எடுத்து ஓரமா வச்சிட்டாங்க, பில்லு போட்டாச்சு. மக போன எடுத்து எங்க ஸ்டிக்கருக்கு நேரா புடிக்குது, அவங்க ஊரு பேங்க் ஆப்பு, சுத்தி சுத்தி பாத்துட்டு செல்லாதுன்னு காட்டுது. "எங்கட போனில ஏலாதா தம்பி, அங்க உங்கட ஆக்கள் எல்லாம் இப்படித்தானே காசு குடுக்கினம்"னு அந்தம்மா கேக்குறாங்க, நான் என்னத்த சொல்ல. கார்ட தேய்க்கலாம்னா வெளிநாட்டு கார்டுக்கு அவங்க பேங்க் ஒரு பக்கம் புடிக்கும், என் மெஷின்காரன் ஒரு பக்கம் புடிப்பான். கடைசியில கையில இருந்த நோட்ட எண்ணி ரெண்டு சேல வாங்கிட்டு மிச்சத்த மடிச்சு வச்சிட்டு போனாங்க. மூணு சேல வியாபாரம் போச்சேன்னு மட்டும் இல்ல, விருந்தாளி முன்னாடி கூச்சமா இருந்துச்சு.

இந்த மாதிரி சர்வீஸ் ஏன் சில நாட்டுக்கு மட்டும் பைய பைய வருதுன்னு கொஞ்சம் தேடிப் படிச்சேன். போனு, டவரு, ஆப்பு எல்லாம் சின்ன விசயம், பெரிய விசயம் யாரு அனுமதி குடுக்கணும், யாரு கமிஷன் எடுக்கணுங்கிறதுதான். கென்யாவுல 2007லயே சாதா போன்ல காசு அனுப்புற எம்பெசா வந்துருச்சு, போன் கம்பெனியே நடத்தட்டும்னு அந்த ஊரு ரிசர்வ் பேங்க் விட்டுருச்சு. அதே எம்பெசா நம்ம ஊருக்கு 2013ல வந்து, இங்க பேங்க் துணையோடதான் நடத்தணும்னு ஆகி, 2019ல கடைய மூடிட்டுப் போயிருச்சு. ஐஃபோன மெஷின்ல காட்டி காசு குடுக்குற ஆப்பிள் பே 2014ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது ஜெர்மனிக்கு வர 2018 ஆச்சு, சாம்சங் பொறந்த தென் கொரியாவுக்கு 2023, அப்ப அங்க முக்காவாசி கடையில அதுக்கு ஏத்த மெஷினே கெடையாது. பணக்கார நாட்டுக்கே இந்தக் கதி.

இலங்கை விசயத்துல எனக்குப் படுறது என்னன்னா, 2022ல அவங்க டாலர் இல்லாம வெளிநாட்டுக் கடனையே கட்ட முடியலன்னு அறிவிச்ச நாடு, நம்ம டூரிஸ்ட் காசு உள்ள வந்தா அவங்களுக்கு லாபம், அவங்க ஜனம் இங்க வந்து ஸ்கேன் பண்ணா காசு வெளிய போகுது. அந்தத் தயக்கம் நியாயம்தான். ஆனா அவங்க எப்படியும் நோட்ட மாத்திக்கிட்டு வந்து செலவு பண்ணத்தான போறாங்க, அது கணக்குல வர்றது நல்லதா வராம போறது நல்லதா? ஒரு ஆளுக்கு ஒரு ட்ரிப்புக்கு இவ்வளவுதான்னு லிமிட் போட்டுப் பேசிப் பாருங்களேன்.

கமிஷனுக்கும் ஒரு வழி சொல்றேன். 2020 ஜனவரில இருந்து யூபிஐக்கு கடைக்காரன்கிட்ட எதுவும் எடுக்கக்கூடாதுன்னு கவர்மென்ட் சொல்லிருச்சு, எங்களுக்கு நல்லது, ஆனா வெளிநாட்டு பேங்க் சும்மா வேல பாக்குமா? பணத்த மாத்தணும், தகராறு வந்தா யாராவது பதில் சொல்லணும். வெளிநாட்டுல இருந்து வர்ற பேமென்ட்டுக்கு மட்டும் சின்னதா ஒரு கமிஷன் வையுங்க, கார்டு மெஷினுக்கு அழுகுறத விடக் கம்மியா இருந்தா போதும், எங்க வீதியில முக்காவாசி பேரு சந்தோசமா குடுப்பாங்க.

வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு யூபிஐ ஒன் வேர்ல்ட் வாலெட் இருக்குல்லன்னு சொல்லுவீங்க. இருக்கு, பாஸ்போர்ட்ட காட்டி காச போட்டுக்கலாம். 2023ல ஆரம்பிச்சப்ப ஜி20 நாட்டுக்காரங்களுக்கு மட்டும், அதுவும் சில ஏர்போர்ட்ல. இலங்கையும் மலேசியாவும் சிங்கப்பூரும் ஜி20ல எங்க இருக்கு? மதுரைக்கு வர்றதே அவங்கதான்யா. 2024ல எல்லா நாட்டுக்காரங்களுக்கும் தொறந்து விட்டீங்க, சரி, ஆனா என் கடைக்கு வந்த ஒருத்தருக்குக் கூட அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியல, சொல்லப்போனா பக்கத்துக் கடைக்காரங்களுக்கே தெரியாது.

அதே மாதிரி 2023ல வெளிநாட்டு நம்பருக்கும் யூபிஐ குடுத்தீங்க, துபாய்ல வேல பாக்குற நம்ம பயலுகளுக்கு ரொம்ப உதவி. ஆனா அதுக்கு இங்க என்ஆர்ஐ அக்கவுன்ட் வேணும். தாத்தா காலத்துலயே ஈப்போவுக்குப் போயி அங்கயே பொறந்து வளந்த மலேசியாக்காரர், குலசாமி கும்பிட நாலு நாளு வர்றவரு, எந்த பேங்க்ல போயி அக்கவுன்ட் தொறப்பாரு?

மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் கூட நம்ம ரிசர்வ் பேங்கும் சேந்து, நாட்டுக்கு நாடு உடனே பணம் அனுப்ப நெக்ஸஸ்னு ஒரு இணைப்புக்கு 2024ல கையெழுத்து போட்டாச்சு. சிங்கப்பூரும் தாய்லாந்தும் 2021லயே போன் நம்பர வச்சு ஒருத்தருக்கொருத்தர் பணம் அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்க. அந்த நெக்ஸஸ்ல, ஆளுக்கு ஆளு அனுப்புறதோட நிக்காம, கடையில ஸ்கேன் பண்றதையும் சேருங்க. இலங்கை அதுல இல்ல, அவங்களோட தனியாப் பேசுங்க.

அது முடியிற வரைக்கும் ஒரு சின்ன வேல, இதுக்கு எந்த நாட்டு அனுமதியும் வேணாம். மதுரை ஏர்போர்ட்ல ஆளுங்க வெளிய வர்ற எடத்துல அந்த வாலெட்டுக்கு ஒரு கவுண்டர் போடுங்க, தமிழ்ல பெருசா போர்டு வையுங்க, கொழும்பு ஃப்ளைட்டு வர்ற நேரத்துக்காவது தொறந்திருக்கட்டும். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி முடிஞ்சா ரொம்ப நல்லது, எங்க கடைவாசல்ல போர்டு ஒட்டுற செலவ நாங்களே பாத்துக்கிறோம்.

இப்படிக்கு,
கோயில் பக்கத்து சுங்குடிக் கடைக்காரன், மதுரை